தமிழ்த் திரைப்படங்களில் பாலியல் தொழிலாளர்: இரக்கமும் ஏற்பும்

முன்னுரை

சிகாமட் வட்டாரத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்குத் திரைப்படம் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. எவர் மதிக்கத்தக்கவர், எவர் விலக்கத்தக்கவர் என்னும் எண்ணத்தையும் அது ஊட்டியது. அவ்வகையில், பாலியல் தொழிலில் உள்ள பெண்ணைத் தமிழ்த் திரைப்படம் எவ்வாறு காட்டியுள்ளது என்பதை மூன்று படங்களின்வழி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இரக்கம் வேறு, சமூக ஏற்பு வேறு என்பதே நாம் இங்கு முன்வைக்கும் கருத்தாகும்.

படங்கள் காட்டும் நிலை

கே. பாலசந்தரின் 'அரங்கேற்றம்' (1973) வறிய வைதிகக் குடும்பத்து மூத்த மகள் லலிதாவின் கதை. அவள் அனுப்பும் பணத்தில் குடும்பம் தழைக்கிறது. பணம் வந்த வழி தெரிந்ததும் அதே குடும்பம் அவளை ஒதுக்குகிறது. பயனை ஏற்றவர்கள் அதனை ஈட்டியவளை ஏற்க மறுக்கும் இம்முரணே படத்தின் உயிர். ஆயினும், இறுதியில் அவள் மனம் பேதலிக்கிறாள். சமூகம் விடைகூற வேண்டிய வினாவை அவளது பித்துநிலை மூடிவிடுகிறது எனலாம்.

மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) படத்தில், மறுநாள் கணக்குத் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று கூறும் பள்ளி மாணவி நீலாவைக் காண்கிறோம். இவள் தொழிலாளி அல்லள், கட்டாயத்திற்கு ஆளானவள். இவ்வேறுபாடு இன்றியமையாதது. அவளுக்கு மதிப்பு, நாயகன் மணந்துகொள்வதால் வாய்க்கிறது.

சந்தானபாரதி இயக்கிய 'மகாநதி' (1994) இன்னும் நுட்பமானது. கல்கத்தாவின் சோனாகாச்சியில் சிக்கிய மகள் காவேரியைத் தந்தை மீட்க வருகிறார். அங்குள்ள பெண்களே அவளை விடுவிக்க இசைந்து, அதற்கான பணத்தைத் தம் வருவாயிலிருந்து ஈடுசெய்ய முன்வருகின்றனர். இரக்கம் பெறுவோராகக் கருதப்பட்டவர்கள் இங்குக் கொடுப்போராக உயர்கின்றனர். எனினும், கதை காவேரியோடு வெளியேறிவிடுகிறது. அப்பெண்கள் அங்கேயே நின்றுவிடுகின்றனர்.

ஏற்பு என்பது யாது?

2022 மே 19 அன்று, புத்ததேவ் கர்மஸ்கர் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை இவ்வினாவுக்குத் தெளிவு தருகிறது. பாலியல் தொழிலாளருக்கும் கண்ணியமும் சட்டத்தின் சமமான பாதுகாப்பும் உரியன என்று அது வலியுறுத்தியது. அவர்களுக்கு ஆதார் அட்டை வழங்கவும், ஊடகங்கள் அவர்தம் அடையாளத்தை வெளியிடாதிருக்கவும் வழிவகுத்தது. தொழிலை விட்ட பின்னரே மதிப்பு என்று அது நிபந்தனை இடவில்லை. நாம் கண்ட மூன்று படங்களும் எட்டாத இடம் இதுவே.

முடிவுரை

மேற்கூறிய ஆணை மலேசியாவைக் கட்டுப்படுத்தாது. ஆயினும், அப்படங்கள் இங்கும் பார்க்கப்படுகின்றன. அவற்றின் வசைச்சொற்கள் இளையோர் நாவிலும் வழங்குகின்றன. 'வேசி' என்பதற்கும் 'பாலியல் தொழிலாளி' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு சொல்லளவில் முடிவதன்று. முன்னது ஒருத்தியின் ஒழுக்கத்திற்குத் தீர்ப்பு வழங்குகிறது. பின்னது அவள் செய்யும் தொழிலைக் குறிப்பதோடு நின்றுவிடுகிறது. இவ்வேறுபாட்டை உயர்வகுப்பு மாணவர்க்கு உணர்த்துவது தமிழாசிரியர்தம் கடமையே என்பது நம் துணிபு.