நற்கருணையில் கிறிஸ்து

நற்கருணையில் கிறிஸ்து எவ்வாறு பிரசன்னமாயிருக்கிறார் என்பதில் திருச்சபைகள் ஒருமித்த கருத்துடையவை அல்ல. கத்தோலிக்கப் போதனைப்படி, அப்பமும் இரசமும் தோற்றமும் சுவையும் மாறாமலே உள்ளியல்பில் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகின்றன. 1551இல் திரிதெந்து பொதுச்சங்கம் இதை உறுதிசெய்தது. திருப்பலி முடிந்த பின்னும் நற்கருணைப் பேழையருகே விளக்கு எரிவது இந்த நம்பிக்கையால்தான்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் லுத்தரன் மரபில் அப்பம் அப்பமாகவே இருக்கும். ஆயினும் அதனோடு கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே வழங்கப்படுகிறது. மற்ற சீர்திருத்தவாதிகளுள் கால்வின் ஆவிக்குரிய பிரசன்னம் என்றார். சுவிங்கிளிக்கு அது பெரிதும் நினைவுகூரல். 1529இல் மார்பர்க்கில் லுத்தரும் சுவிங்கிளியும் 15 கருத்துகளில் 14இல் உடன்பட்டனர். உடன்பாடு எட்டாத ஒன்று இதுவே.