இரத்தம் பிறக்கும் இரகசியம்

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, ஒரு தாய் நம்மை அணுகித் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகனுக்குத் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய். சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றியாக வேண்டும். மூத்த மகளின் எலும்பு மஜ்ஜை அவனுக்குப் பொருந்துகிறது என்றும், "ஸ்டெம் செல்" மாற்றுச் சிகிச்சை செய்யலாம் என்றும் மருத்துவர் கூறியிருக்கிறார். "ஸ்டெம் செல் என்றால் கருவை அழித்து எடுப்பதாமே! திருச்சபை அதைத் தடை செய்திருக்கிறதாமே!" என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட, அன்றுமுதல் அவருக்கு உறக்கம் இல்லை.

அங்கேயே நாம் அவருக்கு விடை கூறினோம். மகளின் மஜ்ஜைக்கும் கருவை அழிப்பதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. திருச்சபை அதைத் தடுக்கவும் இல்லை. ஆயினும் அவருடைய கேள்வி நம்மை விடவில்லை. ஒரே சொல் மஜ்ஜைக்கும் கருவுக்கும் பொதுவாக வழங்குவது ஏன்? இரத்தம் எங்கே, எதன் ஆணையால் பிறக்கிறது? இதைச் சற்று விரிவாக அறிந்துகொண்டால், அத்தாயைப் போன்ற பலருடைய வீண் கலக்கம் நீங்கும் என்று தோன்றியது.

வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதிலுள்ள ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்களே. மடிவனவற்றை ஈடுசெய்ய, ஒவ்வொரு விநாடியும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய சிவப்பணுக்கள் மஜ்ஜையிலிருந்து புறப்படுகின்றன. இந்தப் பத்தியை வாசித்து முடிப்பதற்குள் சில கோடி பிறந்திருக்கும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும், இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களும் இதே மஜ்ஜையின் மக்களே.

இத்தனைக்கும் தாய் ஒன்றுதான் என்பதை ஐயமறக் காட்டியவர்கள் கனடா நாட்டு டொரண்டோ நகரில் பணியாற்றிய ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கல்லக் ஆகிய இருவர். முன்னவர் இயற்பியல் அறிஞர், பின்னவர் மருத்துவர். கதிர்வீச்சினால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு அவர்கள் வேறு எலிகளின் மஜ்ஜையை ஊசிமூலம் செலுத்தினர். பத்து நாட்கள் சென்றபின், அவற்றின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் எழும்பியிருக்கக் கண்டனர். எவ்வளவு மஜ்ஜை செலுத்தினரோ, முடிச்சுகளும் அதற்கேற்ற எண்ணிக்கையில் இருந்தன. இது வெளியானது 1961-இல். ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஓர் உயிரணுவின் சந்ததி என்பது 1963-இல் நிலைநாட்டப்பட்டது. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளவும், பலவகை அணுக்களாக மாறவும் வல்ல இத்தகைய மூல உயிரணுவைத்தான் ஸ்டெம் செல் என்கின்றனர். அந்தச் சிறுமியின் மஜ்ஜையில் இருப்பது இதுவே.

இனி, இம்மூல உயிரணு முதன்முதலில் தோன்றியது எங்கே என்று கேட்டால், தாய் வயிற்றுக் கருவுக்கே நாம் திரும்ப வேண்டும். மூன்றாவது வாரத்தில், கருவை ஒட்டியுள்ள மஞ்சட்கருப் பையில் முதல் இரத்த அணுக்கள் தோன்றுகின்றன. இவை இடைக்கால ஏற்பாடு எனலாம். வாழ்நாள் முழுவதும் இரத்தம் தரவேண்டிய மூல உயிரணுக்கள் சற்றுப் பின்னர், கருவின் பெருந்தமனிச் சுவரில் பிறக்கின்றன. இரத்தக் குழாயின் உட்சுவராக இருந்த அணுவே உருமாறி, சுவரிலிருந்து விடுபட்டு, ஓடும் இரத்தத்தில் கலந்துவிடுகிறது! பின்பு கல்லீரலில் தங்கிப் பெருகி, இறுதியில் எலும்புக்குள் குடிபுகுகிறது. மரபணுக்களின் ஆட்சியை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண்பது அரிது.

நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் உள்ளது. கோவில் ஆர்மோனியத்தில் கட்டைகள் மாறுவதில்லை. எந்தக் கட்டையை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்துப் பாடல் மாறுகிறது. அவ்வாறே சில மரபணுக்கள் மற்ற மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் வல்ல விரல்களாகச் செயற்படுகின்றன. அவற்றுள் ஒன்று 1989-இல் கண்டறியப்பட்ட காட்டா-1.

இதன் வல்லமையைக் காட்டிய சோதனை மிக அழகானது. எலிக்கருவின் மூல உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முறை 1981-இலேயே கைவந்திருந்தது. அவ்வணுக்களில் காட்டா-1 மரபணுவை மட்டும் சிதைத்து, அவற்றை இயல்பான எலிக்கருக்களில் கலந்தனர் அமெரிக்க ஆய்வாளர்கள். பிறந்த எலிகளின் உறுப்புகளில் அச்சிதைந்த அணுக்களின் சந்ததி பரவியிருந்தது; வெள்ளணுக்களிலும் இருந்தது. முதிர்ந்த சிவப்பணுக்களில் மட்டும் ஒன்றுகூட இல்லை. 1991-இல் வெளியான இம்முடிவு, சிவப்பணு பிறக்க இந்த ஒரு மரபணுவின் ஆணை இன்றியமையாதது என்பதைக் காட்டியது.

பின்னர் வேறு மரபணுக்களும் வெளிப்பட்டன. எஸ்.சி.எல். என்னும் மரபணு இல்லாத எலிக்கருவில் இரத்தமே தோன்றவில்லை என்று 1995-இல் கண்டனர். மறு ஆண்டு, ரன்எக்ஸ்-1 இல்லாத கருவில் அந்த இடைக்கால இரத்தம் மட்டும் தோன்றி, நிலையான இரத்தம் உருவாகாமற் போனதைக் கண்டனர். தமனிச் சுவரின் அணு இரத்த அணுவாக உருமாற இதுவே கட்டளை இடுகிறதாம்.

ஈண்டு ஒரு செய்தி. ரன்எக்ஸ்-1 முறிந்து, வேறொரு மரபணுவுடன் தவறாக ஒட்டிக்கொள்ளுமாயின், ஒருவகை இரத்தப் புற்றுநோய் விளைகிறது. அம்முறிவின் தடயத்தை 1973-இல் வெளியிட்டவர் சிக்காகோ நகர மருத்துவர் ஜேனட் ரௌலி அம்மையார். வீட்டு உணவு மேசையில் அமர்ந்து, குரோமோசோம் படங்களைக் கத்தரித்து ஒப்பிட்டுப் பார்ப்பாராம். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வராம். கருவில் இரத்தத்தைப் பிறப்பிக்கும் மரபணுவே நிலைகுலைந்தால் அதே இரத்தத்தை நஞ்சாக்கும் என்பதை எண்ணும்போது நம் மனம் நடுங்குகிறது.

அத்தாயின் மகனது நோய்க்கு வருவோம். கருவிலுள்ள குழந்தை தாயின் இரத்தத்திலிருந்து பிராணவாயுவை இழுத்துக்கொள்ள, தனிவகை ஹீமோகுளோபினைப் பயன்படுத்துகிறது. பிறந்து சில மாதங்களில் அது ஓய்ந்து, முதிர்ந்தோர்க்குரிய வகை அதன் இடத்தைப் பிடிக்கிறது. தலசீமியாவில் பழுதுபட்டிருப்பது இந்த இரண்டாம் வகையே. ஆதலின்தான் பிறந்தபோது நலமாக இருந்த குழந்தை, மாதங்கள் செல்லச் செல்ல வெளிறிப் போகிறது. பழைய வகையை அடக்கி வைக்கும் மரபணு பி.சி.எல்.11ஏ என்பது 2008-இல் தெளிவாயிற்று. நோயாளியின் சொந்த மூல உயிரணுக்களை எடுத்து, அவற்றில் அவ்வடக்குமுறையைத் தளர்த்தி, மீண்டும் அவருக்கே செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி அளித்தது. உறங்கிக் கிடந்த குழந்தைப் பருவ ஹீமோகுளோபின் விழித்துக்கொள்கிறது! ஆனால் அமெரிக்காவில் அதன் விலை சுமார் 22 லட்சம் டாலர். ஏழைக் குடும்பங்கள் நினைத்துப் பார்க்கக் கூடியதா இது?

இப்போது திருச்சபையின் தடை பற்றிய வினா. மேற்கூறிய சோதனைகள் எலிகளைக் கொண்டு நடந்தவை. மனிதக் கருவிலிருந்து மூல உயிரணுக்களை எடுத்து வளர்த்தவர் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் தாம்சன், ஆண்டு 1998. ஒரு சில நாட்களே ஆன கருவைச் சிதைத்தே அவற்றை எடுத்தாக வேண்டியிருந்தது. மனித உயிர் கருவுற்ற கணம் முதல் மதிக்கப்பட வேண்டும் என்று போதிக்கும் திருச்சபை, இதனை ஏற்கவில்லை. ஆனால் 2008-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரை, வளர்ந்தோரின் உடலிலிருந்தும், பிறப்பின்போது தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தும் எடுக்கும் மூல உயிரணுக்கள் முறையானவை என்று தெளிவாகவே கூறுகிறது. இந்த இரண்டாம் பகுதி நம் வீடுகளை எட்டவில்லை. குறை சொல்வதானால், தடையை மட்டும் உரத்துச் சொல்லிய நம்மைப் போன்றோரைத்தான் சொல்ல வேண்டும்.

கருவைத் தொடாத வேறொரு பாதையும் உண்டு. ஜப்பானியர் ஷின்யா யாமானாக்கா, ஒருமுறை நுண்ணோக்கியில் மனிதக் கருவைக் கண்டபோது, அதற்கும் தம் புதல்வியருக்கும் எவ்வளவு சிறிய வேறுபாடு என்று உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எலியின் தோல் அணுவைக் கரு அணுவின் நிலைக்கு அவர் திருப்பியது 2006-இல். மனித அணுவில் அது கைகூடியது 2007-இல். நோபல் பரிசு 2012-இல் வந்தது. இவ்வாறு பெற்ற மனித அணுக்களைப் படிப்படியாக வழிநடத்தி, எலிகளின் மஜ்ஜையில் குடிபுகுந்து நிலைத்து இரத்தம் தரும் மூல உயிரணுக்களை ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2024-இல் உருவாக்கினர். மனித நோயாளியின் படுக்கையை அடைய இன்னும் பல சோதனைகளைக் கடந்தாக வேண்டும். அதுவரை அச்சிறுவன் காத்திருக்க இயலாது. அக்காளின் மஜ்ஜை இன்றே அருகில் இருக்கிறது.

அத்தாய் விடைபெறும்போது இன்னொன்றும் கேட்டார்: "கொடுக்கும் பெண்ணுக்குக் குறைந்துவிடாதா?" எடுக்கப்படுவது மஜ்ஜையில் ஒரு சிறு பங்கே; எஞ்சிய மூல உயிரணுக்கள் சில வாரங்களில் அதை நிரப்பிவிடும் என்றோம். இடுப்பில் சில நாட்கள் வலி இருக்கும் என்பதையும் சொன்னோம். அதை மகளிடம் தாமே சொல்லிக்கொள்வதாகக் கூறிச் சென்றார்.