விரிவுரையாளரின் அறைக்கதவு

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த நாளிலே வீடுகளில் எழும் ஆரவாரத்தை நாம் அறிவோம். கோயிலில் அருச்சனை, அயலவர்க்குக் கற்கண்டு, மாமன்மார் கையில் வைக்கும் காசு! ஆனால் மூன்று மாதங் கழித்து அதே பிள்ளை முகம் வாடி வீடு வருங்கால், காரணம் யாதெனக் கேட்போர் எத்தனை பேர்? இளைத்துவிட்டாய் என்று சொல்லி இன்னுமோர் அகப்பை சோறு போடுவதோடு நமது விசாரணை முடிந்துவிடுகிறது.

நமது அயல்வீட்டுப் பெண்ணொருத்தி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானம் பயில்கிறாள். உயர்தரம் வரை தமிழிலே கற்று நல்ல பெறுபேறு பெற்றவள். இப்பொழுது விரிவுரைகளெல்லாம் ஆங்கிலத்தில். படிப்பை விட்டுவிடலாமா என்று அவள் தாயாரிடம் ஒருநாள் கேட்டாளாம். தாயார் பதறிப்போய் நம்மிடம் ஓடி வந்தார்.

"விளங்காததைச் சேரிட்டக் கேட்கலாமே, பிள்ளை" என்றோம்.

"இதுகூடத் தெரியாமலோ இஞ்ச வந்தனீர் எண்டு நினைப்பார், மாமி" என்றாள்.

இந்த வெட்கம் அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. பள்ளிக்கூடத்திலே கேள்வி கேட்ட பிள்ளையை 'வாய்க்காரி' என்று இருத்திய நாமும் இதற்குப் பொறுப்பாளிகளே.

கணினிக் கல்வி குடாநாட்டுக்கு வந்த விதத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 1974ஆம் ஆண்டில் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான அந்நிறுவனத்திலே, கணினி விஞ்ஞானத் துறை 1991இல் அமைந்தது. எத்தகைய காலம் அது! போரினால் மின்சாரம் அற்றுப்போய், சாம் போத்தலில் திரியிட்டு, அரிதாய்க் கிடைத்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எரித்துப் பிள்ளைகள் படித்த காலம். மின்சாரமில்லாத ஊரிலே கணினியைப் பற்றிக் கற்பதற்கு நம்பியிருக்கத் தக்கவை புத்தகமும் தாளும் ஆசிரியரின் வாயுமே. இன்று மாணவர் மடியிலேயே கணினி இருக்கிறது. எனினும் அது தவறு என்று காட்டுமேயன்றி, நீ ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்பதில்லை. அதைக் கேட்க மனிதர் வேண்டும்.

தவறு நேர்வது மட்டமான மாணவர்க்குத்தான் என்று எண்ணுவதும் பிழை. 1949ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜில் 'எட்சாக்' என்னும் கணினியை இயக்கிய பேரறிஞர் மொரிஸ் வில்க்ஸ், தமது எஞ்சிய வாழ்நாளின் கணிசமான பகுதி தம்முடைய செய்நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது ஒருநாள் படிக்கட்டருகே தமக்குப் பளிச்செனப் புலப்பட்டதாகப் பின்னாளில் எழுதினார். அவருக்கே அப்படியாயின் நமது பிள்ளைகள் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

யாரிடம் போவது? விரிவுரையாளரை அணுக அச்சமாயின், செய்முறை வகுப்பிலே உதவும் போதனாசிரியரிடம் முதலில் போகலாம். அவர்களிற் பலர் அண்மையிலே பட்டம் பெற்றவர்கள். பட்ட பாடு அவர்கள் மனத்தில் இன்னும் ஆறியிராது. விரிவுரையாளரிடம் போவதானால் முன்கூட்டியே மின்னஞ்சலில் நேரங் கேட்டுக்கொள்வது மரியாதை. வெறுங்கையோடு போய் "ஒன்றும் விளங்கவில்லை" என்று நிற்பதிலே பயனில்லை. வைத்தியரிடம் நோவு எங்கே என்று சொல்லாமல் மருந்து கேட்கலாமா? எழுதிய செய்நிரல், கணினி காட்டிய பிழைச் செய்தி, எதிர்பார்த்த விடை, வந்த விடை, திருத்த முயன்ற வழி ஆகிய இவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு போகவேண்டும். அப்படிக் குறிக்கும்போதே பாதிப் பிழை அகப்பட்டுவிடுவதும் உண்டு. தென்னிலங்கைப் பிள்ளைகளும் உடன் கற்கும் வகுப்பிலே ஆங்கிலம் தவிர்க்க இயலாதது. அறையிலே தமிழறிந்த ஆசிரியரிடம் தமிழில் கேட்பதை யார் தடுப்பார்?

நமது அயல்வீட்டுப் பெண் ஒருவாறு மனந்தேறிப் போனாள். 100 மாணவரின் புள்ளிகளைக் கூட்டும் செய்நிரல் அவளுடையது. அது 99 பேரோடு நின்றுவிடுகிறது. ஆசிரியர் சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. தாளில் ஒரு வேலியைக் கீறினாராம்.

"100 அடி நீள வேலிக்கு 10 அடிக்கு ஒரு கதியாலாக எத்தனை கதியால் வேணும்?"

"பத்து, சேர்."

"எண்ணிப் பாரும்."

எண்ணினாள், 11 வந்தது. இடைவெளிதான் பத்து, இரு முனையிலும் கதியால் நிற்பதால் கதியால் ஒன்று கூட. அவளோ இடைவெளிகளை எண்ணிவிட்டுக் கதியால்களை எண்ணியதாக நினைத்திருக்கிறாள். உலகெங்கும் கணினி வல்லுநர் இந்தத் தவறுக்கு வேலித்தூண் பிழை என்றே பெயரிட்டிருக்கின்றனராம். கிளுவை வேலிக்குள்ளே வளர்ந்த நமக்கு இதை இத்தனை நாளும் ஒருவரும் சொல்லவில்லையே!

அன்று மாலை அவள் நமது வேலியோரம் நின்று விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டோம்.

"மாமி, உங்கட வேலியில ஒரு கதியால் குறையுது."

ஆடு புகுவது எவ்வழியென நாம் தேடித் திரிந்தது அவளுக்குத் தெரியாது.