சமுதாயக் கல்லூரியிலிருந்து சுற்றுச்சூழல் அறிவியல் பட்டப்படிப்புக்கு மாறுதல் (கலிபோர்னியா)

நான்காண்டு இளநிலைப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைச் சமுதாயக் கல்லூரியில் முடித்து, எஞ்சியவற்றைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது மாறுதல் சேர்க்கை எனப்படும். தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்பது பெரும்பாலும் தொழிற்பயிற்சி நிறுவனத்தைக் குறிக்கும். அமெரிக்காவில் அது குறைந்த கட்டணத்தில் பட்டப்படிப்பின் முதல் பாதியையும் கற்பிக்கும் கல்லூரியாகும்.

பின்னணி

1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம் கலிபோர்னியாவின் பொது உயர்கல்வியை மூன்று அடுக்குகளாக வகுத்தது. அவை கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், சமுதாயக் கல்லூரிகள் ஆகும். இன்று 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன.

இரு வழிகள்

மாநிலப் பல்கலைக்கழகம்: 2010ஆம் ஆண்டுச் சட்டம் 'மாறுதலுக்கான இணைநிலைப் பட்டம்' என்பதை உருவாக்கியது. 60 அலகுகளுடன் இப்பட்டம் பெறுபவருக்கு ஏதேனும் ஒரு வளாகத்தில் இடம் உறுதி. விரும்பிய வளாகமே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் இப்பட்டம் உண்டு. ஆனால் எல்லாக் கல்லூரிகளும் அதனை வழங்குவதில்லை.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்: 60 அலகுகளும், மாநிலவாசிகளுக்குக் குறைந்தது 2.4 சராசரித் தரப்புள்ளியும் தேவை. இது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. சேர்க்கைக்குப் பெரும்பாலும் இதைவிடக் கூடுதல் புள்ளி வேண்டும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் நிபந்தனைகளுடன் சேர்க்கை உறுதி ஒப்பந்தம் அளிக்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ வளாகங்கள் அளிப்பதில்லை.

முன்தேவைப் பாடங்கள்

பொது வேதியியல், உயிரியல், நுண்கணிதம், புள்ளியியல், இயற்பியல் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படுபவை. சில வளாகங்கள் கரிம வேதியியலையும் கேட்கின்றன. இவற்றில் சில ஒன்றன்பின் ஒன்றாகவே படிக்க வேண்டியவை என்பதே இத்துறையின் முதன்மைச் சிக்கலாகும்.

எடுத்துக்காட்டாக, அறிமுக வேதியியலில் தொடங்கும் மாணவர் முதல் பருவத்தில் அதனையும், அடுத்த இரு பருவங்களில் பொது வேதியியலின் இரு பகுதிகளையும், நான்காம் பருவத்தில் கரிம வேதியியலையும் முடிக்கலாம். பொதுக்கல்விப் பாடங்களை முதலில் முடித்துவிட்டு அறிவியலைப் பிறகு பார்க்கலாம் என ஒரு பருவம் தள்ளிப்போட்டால், இச்சங்கிலி மூன்றாம் ஆண்டுக்குச் செல்லும். கட்டணச் சேமிப்பின் ஒரு பகுதி அவ்வாண்டிலேயே கரைந்துவிடும்.

விண்ணப்பக் காலமும் கவனிக்கத்தக்கது. இலையுதிர்ப் பருவச் சேர்க்கைக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அப்போது மாணவர் மூன்றாம் பருவத்தில் இருப்பார். எனவே அவர் காட்டக்கூடிய மதிப்பெண்களில் பெரும்பகுதி முதலாண்டினுடையதே.

பாட இணக்கம்

ஒரு கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திற்கு ஈடாகும் என்பதை 'அசிஸ்ட்' என்னும் அதிகாரப்பூர்வ இணையதளம் கல்வியாண்டு வாரியாகக் காட்டுகிறது. ஒரே பெயருள்ள பாடம் எல்லா வளாகங்களிலும் ஏற்கப்படும் எனக் கருதக் கூடாது. பிற மாநிலங்கள் இதில் அடங்கா.

மாணவர் செய்ய வேண்டியவை

1. முதல் பருவத்திலேயே இரண்டு அல்லது மூன்று வளாகங்களைத் தேர்ந்து, அவற்றின் பாட இணக்கப் பட்டியல்களை ஒப்பிடுக.
2. வேதியியல், கணிதம் இரண்டையும் முதல் பருவத்திலேயே தொடங்குக.
3. இரு பகுதிகள் கொண்ட பாடத்தை ஒரே கல்லூரியில் முடிக்க முயல்க.
4. ஒவ்வொரு பருவமும் பதிவுக்கு முன் பட்டியலுடன் கல்வி ஆலோசகரைச் சந்திக்க.