உறை ஊற்றும் பக்குவம்

அண்டா நிறையப் பால் இருந்தாலும் தானாகத் தயிராகிவிடாது. ஒரு கரண்டி பழைய தயிர் வேண்டும். பங்கும் அப்படித்தான். ஞாயிறு பூசைக்குக் கோயில் நிரம்பி வழியலாம். பக்கத்தில் முழந்தாளிட்டவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று தெரியாமலே எல்லாரும் வீடு திரும்பவும் செய்யலாம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் தெருவுக்குத் தெரு சில குடும்பங்கள் வீட்டில் கூடுகிற பி.இ.சி. (அடிப்படைத் திருச்சபைச் சமூகம்), தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் சொல்கிற அன்பியம்.

மலேசியாவின் ரப்பர் தோட்டங்களில் இதற்கெல்லாம் தேவை இருக்கவில்லை. தொழிலாளர் லயத்தில் ஒருவர் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பின்னால் ரப்பரைத் தள்ளிவிட்டு வந்த செம்பனையும், வீடமைப்புத் திட்டங்களும் பேராக் மாநிலத்தின் தோட்டத்துச் சனங்களை ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறடித்தன. லயத்தோடு போன அந்த நெருக்கத்தை இனி நாமேதான் உண்டாக்க வேண்டும்.

உறை விழுந்தது 1976 ஆகஸ்ட்டில். தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பங்குகளை விட்டு ஒரு மாதம் ஒன்றாகக் கூடினார்கள். அந்த மாதம் முழுக்கக் கோயில்களைப் பொதுநிலையினரே பார்த்துக்கொண்டார்கள். பி.இ.சி.க்களை வளர்ப்பது என்ற முடிவு அந்தக் கூட்டத்தில் பிறந்தது. பேராக்கை உள்ளடக்கிய பினாங்கு மறைமாவட்டமும் அதே வழியில் நடந்தது. குருக்கள் விலகி நின்ற அந்த மாதத்தைப் போல, மூடியைத் திறந்து திறந்து பார்க்காத பால்தானே நன்றாக உறைகிறது!

அடுத்தது சூடு. பால் 40, 45 பாகை செல்சியஸில், விரல் பொறுக்கும் சூட்டில், இருக்க வேண்டும். கொதிக்கும் பாலில் விட்டால் உறையிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துப்போகும். புதிதாக வந்த குடும்பத்திடம் முதல் நாளே ஊர், சம்பளம், பிள்ளைகளின் கல்யாணம் என்று விசாரித்து, போதாததற்குப் பாட்டுப் பொறுப்பையும் தலையில் கட்டினால் அவர்கள் மறுபடி வரமாட்டார்கள். ஆறிப்போன பாலும் உதவாது. செபம் முடிந்ததும் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்புகிற கூட்டம் எத்தனை வருடமானாலும் பாலாகவே இருக்கும்.

மிகவும் கடினமானது கிளறாமல் இருப்பதுதான். தென் ஆப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி விவிலியப் பகிர்வில் நான்காவது படி மௌனம், ஐந்தாவது பகிர்தல். வேலை போனதை ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். "செபம் பண்ணுனீங்களா அண்ணே?" என்று யாராவது குறுக்கிட்டால் போச்சு, உறைகிற தயிர் கலங்கிவிடும். சொன்னதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதைத் தாமான் முழுக்கப் பரப்பாமலும் இருக்க வேண்டும். என்ன செய்யலாம் என்று பேச ஆறாவது படி இருக்கிறது. அரிசி, மருத்துவமனைக்கு வண்டி, பிள்ளையின் டியூஷன் காசு எல்லாம் அங்கேதான் முடிவாக வேண்டும். அந்தப் படியைத் தாண்டிக் குதித்து இறுதிச் செபத்துக்குப் போகிற குழுக்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

உறைந்த தயிரையும் அப்படியே வைத்திருந்தால் புளித்துவிடும். அதே பத்து முகம், அதே தலைவர், அதே வீடு என்றால் புதிதாக வருபவருக்கு அங்கே இடம் இருக்காது. குழு பெருத்ததும் இரண்டு குடும்பங்கள் அடுத்த அடுக்குமாடிக்குப் போய்ப் புதுக் குழு தொடங்கட்டும். யார் போவது என்பதைத் தலைவர் தனியாக முடிவு செய்யாமல் எல்லாரும் சேர்ந்து பேசட்டும்.