கண்ணாடியைக் கழற்றும் முன்

கல்யாணம் நிச்சயமானதும் மண்டபம், பட்டுப்புடவை, நகை என்று போடும் பட்டியலில் பெண்ணின் மூக்குக்கண்ணாடியும் பல வீடுகளில் சேர்ந்துவிடுகிறது. முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் கண் மருத்துவமனைக்கு வந்து, "லேசர் பண்ணிடுங்க டாக்டர், ரிசப்ஷனுக்குள்ள சரியாயிடணும்" என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கருவிழி லேசரைத் தாங்குமா என்பதற்கும் முகூர்த்தத் தேதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பரிசோதனை முடிந்து "இந்தக் கண்ணுக்கு வேண்டாம்மா" என்று மருத்துவர் சொன்னால், பெற்றோர் முகம் வாடி, வேறு மருத்துவமனை தேடிக் கிளம்புவதுதான் வருத்தம். அப்படிச் சொன்னவர் அந்தப் பெண்ணுக்குப் பெரிய நன்மை செய்திருக்கிறார்.

லேசர் சிகிச்சை நல்ல சிகிச்சை. பொருத்தமான கண்ணுக்குச் செய்தால் பெரும்பாலோர் ஓரிரு நாளில் கண்ணாடி இல்லாமல் தினசரி வேலைகளைப் பார்க்கிறார்கள். இதன் பிறப்பில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து அமெரிக்கா போன ரங்கசாமி சீனிவாசன், ஐபிஎம் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் எக்ஸைமர் லேசரை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியை ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் அதன்மேல் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தப் புற ஊதாக் கதிர், பக்கத்துத் திசுவைக் கருக்காமல் துல்லியமாகச் செதுக்கியது. இந்தக் கண்டுபிடிப்புக்காக மூவருக்கும் 2013-ல் அதிபர் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கினார்.

அந்த லேசர் ஒரு துடிப்புக்கு ஏறக்குறையக் கால் மைக்ரான் திசுவை எடுக்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிட்டப்பார்வைக்குக் கருவிழியின் நடுப்பகுதியைச் சற்றே தட்டையாக்குகிறார்கள். எடுத்த திசு திரும்ப வளராது. எல்லாக் கேள்விகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன: எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கப் போகிறார்கள், எவ்வளவு மிஞ்சும்?

கணக்கைப் போட்டே பார்க்கலாம். நடுவில் கருவிழியின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான். லாசிக் முறையில் மேலாக 110 மைக்ரான் அளவுக்கு ஒரு மடலை அறுத்துத் தூக்கி, அடியில் லேசர் வைத்து, மடலை மூடுகிறார்கள். மைனஸ் ஒரு பவருக்குச் சுமார் 15 மைக்ரான் போகும் என்று வைத்துக்கொண்டால், மைனஸ் 8 பவருக்கு 120 மைக்ரான். 540-ல் இரண்டையும் கழித்தால் அக்காவுக்கு 310 மிஞ்சும். அதே மைனஸ் 8 பவர், ஆனால் 490 மைக்ரான் கருவிழி உள்ள தங்கைக்கு 260தான் மிஞ்சும். மடலுக்கு அடியில் குறைந்தது 250 இருந்தாக வேண்டும் என்பது பழைய எல்லை. 300-க்குக் குறைந்தாலே இன்று பல மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். அக்காவுக்குச் செய்தார்களே, தங்கைக்கு ஏன் மறுக்கிறார்கள் என்று சண்டை போடுவதற்கு முன் இந்தக் கழித்தலை மருத்துவரிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தடிமன் போதும் என்றாலும் வடிவம் சரியாக இருக்க வேண்டும். கெரட்டோகோனஸ் என்ற நோயில் கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தும். ஆரம்பத்தில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. சிலிண்டர் பவர் கூடிக்கொண்டே போகும், அவ்வளவுதான். அந்தக் கண்ணில் லேசர் வைத்தால் நோய் வேகம் பிடித்து, கருவிழி மாற்று அறுவை வரைகூடக் கொண்டுபோகலாம். இதைக் கண்டுபிடிக்கத்தான் கருவிழியை வண்ண வரைபடமாக எடுக்கும் டோப்போகிராபி. மேடான இடம் சிவப்பாகவும் தட்டையான இடம் நீலமாகவும் தெரியும். சிவப்பு கீழ்ப்பக்கமாகக் குவிந்திருந்தால் மருத்துவர் அங்கேயே நின்றுவிடுவார். அலர்ஜியால் கண்ணைக் கசக்கும் பழக்கமோ, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோயோ இருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் போட்டபடியே பரிசோதனைக்குப் போகக் கூடாது. லென்ஸ் கருவிழியின் வடிவத்தை மாற்றி வைத்திருக்கும். அளவு தப்பும், தப்பான அளவுக்கே லேசரும் வேலை செய்யும். மென்மையான லென்ஸை ஓரிரு வாரம், கடின லென்ஸை மூன்று நான்கு வாரமாவது கழற்றி வைத்திருக்க வேண்டும். வயது 18 நிறைந்து, ஓராண்டாவது பவர் ஏறாமல் நிற்கவும் வேண்டும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் காத்திருக்கத்தான் வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்கக் கூடாது; கண்ணை உலர வைக்கும் மருந்து அது.

உலர்வைப் பற்றித்தான் விளம்பரங்கள் வாய் திறப்பதில்லை. கருவிழியின் நரம்புகள் அறுபடுவதால் சில மாதங்கள் கண் காய்ந்து உறுத்தும். சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். நாளெல்லாம் ஏசி அறையில் கணினித் திரை பார்த்து, ஏற்கெனவே எரிச்சலோடு இருக்கும் கண் என்றால் முதலில் அந்த உலர்வுக்கு வைத்தியம் பாருங்கள். இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் தெரியலாம். நெடுஞ்சாலையில் இரவெல்லாம் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. வேலைக்கு முயல்பவர்களும் விதிகளைப் படித்துவிட்டுப் போவது நல்லது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு, லாசிக் செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்று அறிவிப்பிலேயே போடுகிறார்கள்.

லாசிக் ஒத்துவராத மெல்லிய கருவிழிக்கு மடல் இல்லாத பிஆர்கே உண்டு. முதல் மூன்று நான்கு நாள் நன்றாகவே வலிக்கும், பார்வை தெளியவும் நாளாகும். சிறு கீறல் வழியே திசுவை உருவி எடுக்கும் ஸ்மைல் உண்டு. பவர் மிக அதிகம் என்றால் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் ஐசிஎல் இருக்கிறது. எது புதிது, எது எந்தப் பேக்கேஜில் என்று கவுன்சலர் சொல்வதைவிட, உங்கள் அளவுகளுக்கு எது பொருந்தும் என்று அறுவை செய்யப்போகும் மருத்துவர் நேரில் சொல்ல வேண்டும். அவரைச் சந்திக்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

கருவிழி மாறினாலும் கண்ணின் உள்பக்கம் பழையதுதான். மைனஸ் 9-ல் நீண்டு வளர்ந்த கண்ணின் விழித்திரை மெலிந்தேதான் இருக்கும். கண்ணாடி போனதும் வருடாந்திரப் பரிசோதனையும் போய்விடக் கூடாது. திடீரென மின்னல் போல ஒளி தெறித்தாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோரையும்போல உங்களுக்கும் வரும். கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்த வசதி, லேசருக்குப் பின் இருக்காது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அறுவைக்கு முந்தைய பவர், கருவிழித் தடிமன், வளைவு அளவுகள், டோப்போகிராபி அச்சுப்படி எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள். லேசர் செய்த கண்ணில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், கண் அழுத்த நோயான கிளாக்கோமா தெரியாமல் தப்பிப்போகலாம். அறுபது வயதில் கண்புரை அறுவைக்குப் போகும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அந்தப் பழைய அளவுகள் கைகொடுக்கும். அவை இல்லாவிட்டாலும், "இந்தக் கண்ணில் லேசர் செய்திருக்கிறது" என்று அப்போதைய மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அது எளிதில் தெரியாது.