கோலார் தங்கவயலின் வெளிமான்: ஆப்பிரிக்கச் சமவெளிக்கு முன்னால் ஒரு பாடம்

ஆப்பிரிக்கத் தேசியப் பூங்கா ஒன்றுக்குச் சஃபாரி, அதாவது காட்டுயிர்களை அவை வாழும் இடத்திலேயே ஊர்தியில் சென்று காணும் பயணம், போக விரும்புவோர் பூங்காவின் பெயரையும் விமானக் கட்டணத்தையும் முதலில் முடிவு செய்துகொண்டு, எந்த விலங்கை எந்தப் பருவத்தில் காணப் போகிறோம் என்பதைக் கடைசியில் எண்ணிப் பார்ப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. இந்த வரிசை தலைகீழானது. தான்சானியாவின் செரங்கெட்டியிலும் அதை ஒட்டிக் கென்யாவில் அமைந்த மசாய் மாராவிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் விலங்குகள் மழையையும் புதுப்புல்லையும் தொடர்ந்து ஆண்டு முழுவதும் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. சனவரி முதல் மார்ச் வரை தெற்குச் சமவெளியில் கன்று ஈனும் அவை, சூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில்தான் மாரா ஆற்றங்கரையில் திரளும். மாதத்தைத் தவறவிட்டவருக்குப் பூங்கா இருக்கும், புல்லும் இருக்கும், பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து காண வந்த காட்சி மட்டும் இருக்காது. பரந்த வெளியில் வாழும் குளம்புக்கால் விலங்கின் வாழ்க்கை முறையைப் புரிந்துகொள்ளாமல் இத்தகைய பயணத்தைத் திட்டமிட இயலாது என்பதால், அந்தப் புரிதலைக் குறைந்த செலவில் தரக்கூடிய ஓர் இடம் தமிழருக்கு நன்கு அறிமுகமான ஊரிலேயே இருப்பது கவனிக்கத்தக்கது.

அந்த ஊர் கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் பொறுப்பில் வளர்ந்து, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்று, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்ட தங்கச் சுரங்கங்களாலும், வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து அங்கே குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களாலும் அறியப்பட்ட அவ்வூரின் வெட்டவெளிகளில் வெளிமான்கள் மேய்கின்றன என்பது வெளியூரார் பலர் அறியாத செய்தி.

வெளிமான் என்றும் இரலை என்றும் தமிழிலும், கிருஷ்ணமிருகம் என்று கன்னடத்திலும் வழங்கும் இவ்விலங்கு, புள்ளிமானுக்கும் கடம்பைக்கும் நெருங்கிய உறவினம் அன்று. புள்ளிமானின் கிளைத்த கொம்பு முழுவதும் எலும்பால் ஆனது; குறித்த காலத்தில் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வெளிமானின் கொம்போ எலும்புத் தண்டின் மேல் கொம்புப் பொருளால் ஆன உறை மூடியது, கிளைக்காதது, வாழ்நாளில் உதிராதது. மாடு, ஆடு ஆகியவற்றோடு ஆப்பிரிக்கச் சமவெளியின் வில்டபீஸ்ட், கசெல் போன்றவையும் அடங்கிய பெரிய குடும்பத்தில் வெளிமான் சேர்கிறது. அதன் பேரினத்தில் இன்று உயிரோடு இருக்கும் ஒரே இனமும் அதுவே. வளர்ந்த ஆணின் முதுகும் பக்கங்களும் கரும்பழுப்பாகவும், வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் தூய வெள்ளையாகவும் இருக்க, திருகிய கொம்புகள் 35 முதல் 75 சென்டிமீட்டர் வரை நீள்கின்றன. பெண்ணும் இளம் ஆணும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தவை. பெண்ணுக்குப் பெரும்பாலும் கொம்பு இராது. மந்தையைக் காண்பவர் கரிய ஆண் எத்தனை, இளம் ஆண் எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை என்று பிரித்து எண்ணத் தொடங்கினால், அந்தக் கூட்டம் பெருகுகிறதா தேய்கிறதா என்பதற்கான முதல் குறிப்பு கிடைத்துவிடும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் அளவுக்கு ஓடக்கூடிய இவ்விலங்கின் வேகம், இன்று இந்தியாவின் பெரும்பாலான வெளிகளில் அதைத் துரத்தும் எந்த வேட்டை விலங்கின் வேகத்தையும் விட மிகுதி. ஒரு காலத்தில் சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா, இத்தகைய வெளிகளில் வேட்டையாடியது என்பதும், முகலாய அரசர்கள் பழக்கிய சிவிங்கிப்புலிகளை வெளிமான் மீதே ஏவினர் என்பதும் அந்த வேகத்தின் காரணத்தை ஓரளவு விளக்குகின்றன. 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட சிவிங்கிப்புலி, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்தும் 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. செரங்கெட்டியில் சிவிங்கிப்புலிக்கும் கசெலுக்கும் இடையே நடக்கும் ஓட்டத்தைக் காணச் செல்வோர், அதன் ஒரு பாதி தங்கவயலில் தனித்து எஞ்சியிருப்பதை நினைவில் கொள்ளலாம்.

எதிரியை உணர்வதில் வெளிமான் முதன்மையாகக் கண்ணையே நம்புகிறது. ஆகவே மறைப்பில்லாத குட்டைப்புல் வெளியே அதற்குப் பாதுகாப்பு. அடர்ந்த காடு அதற்கு ஆபத்தான இடம். தரிசாகக் கிடக்கும் நிலத்தில் மரம் நட்டால் காட்டுயிர் பெருகும் என்ற நல்லெண்ணம் இவ்விலங்கைப் பொறுத்தவரை தவறாகவே முடிகிறது. வெளிமானுக்கென்றே 1974இல் அமைக்கப்பட்ட கர்நாடகத்தின் ராணிபென்னூர் சரணாலயத்தில்கூடத் தைலமரத் தோப்புகள் பெரும்பரப்பை அடைத்துக்கொண்டன. தங்கவயலில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. சுரங்க நிறுவனத்துக்கென ஒதுக்கப்பட்ட நிலம் நூறாண்டுக்கும் மேலாக உழவுக்கும் வீட்டுமனைக்கும் போகாமல் கிடந்ததாலும், சுரங்கம் மூடிய பின் அது யாருக்கு என்ற கேள்வி நீண்டுகொண்டே போனதாலும், புல்வெளி பிழைத்துக்கொண்டது. திட்டமிட்டு யாரும் காக்காத இடம், யாரும் தீண்ட முடியாத காரணத்தால் காக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

அந்த வெளியின் எல்லையாக நிற்பவை சயனைடு மேடுகள். பாறையை மாவாக அரைத்து, சோடியம் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைக் கரைத்துப் பிரித்த பின் எஞ்சிய நுண்துகள் கழிவு, 13 இடங்களில் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் அளவுக்குக் குவிந்து கிடக்கிறது. காற்றடி காலத்தில் அத்தூள் ஊர்த் தெருக்களுக்குள் வந்து படிவதை அங்கே வாழ்வோர் அறிவர்.

பார்வைக்குரிய பருவமும் நேரமும் விலங்கின் நடத்தையிலிருந்தே கிடைக்கின்றன. வெளிமான் ஆண்டு முழுவதும் இனம் பெருக்கினாலும், மார்ச் முதல் மே வரையிலும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலும் இணைசேர்க்கை உச்சம் பெறுகிறது. அப்போது கரிய ஆண் தனக்கென ஒரு நிலப்பகுதியை வகுத்துக்கொண்டு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சாணமிட்டும், கண்ணுக்கு முன்னால் உள்ள சுரப்பியின் நீரைப் புல்லிலும் புதரிலும் தேய்த்தும் எல்லையைக் குறிக்கிறது. தலையை நிமிர்த்திக் கொம்பை முதுகின் மேல் சாய்த்து நடந்து பெண்ணை ஈர்க்கிறது. குஜராத்தின் வேளாவதர் போன்ற இடங்களில் பல ஆண்கள் மிகச் சிறிய நிலப்பகுதிகளை அடுத்தடுத்து வகுத்துக்கொண்டு போட்டியிடும் கூட்டுக்களமும் உண்டு. உகாண்டாவின் கோப் என்னும் விலங்கிடம் இதே வழக்கம் விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆறு மாதச் சூலுக்குப் பின் பெரும்பாலும் ஒரே குட்டி பிறக்கும். தொடக்க நாட்களில் தாய் அதைப் புல்லுக்குள் மறைத்து வைத்துவிட்டு மேயச் செல்லும் என்பதால், தனித்துக் கிடக்கும் குட்டியைக் கைவிடப்பட்டது என எண்ணித் தூக்கிவருவது அதைக் கொல்வதற்குச் சமம்.

வெயில் ஏறுவதற்கு முன்னான காலையும் சாய்ந்த பின்னான மாலையும் மேய்ச்சல் நேரங்கள். நண்பகலில் மந்தை படுத்து அசைபோடும். தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று தொலைவிலுள்ள உருவத்தை நெளியச் செய்வதால் விலையுயர்ந்த புகைப்படக் கருவியும் அப்போது பயன்படாது. ஆப்பிரிக்கப் பூங்காக்களில் விடியலிலும் பிற்பகலிலும் ஊர்திகள் புறப்படுவதன் காரணமும் இதுவே. இருகண் தொலைநோக்கியில் பொறித்திருக்கும் இரு எண்களில் முதலாவது எத்தனை மடங்கு பெருக்கம் என்பதையும், இரண்டாவது முன்புற வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். எட்டு மடங்கும் 42 மில்லிமீட்டரும் கொண்ட கருவி, கை நடுங்காமல் பிடிக்கவும் மங்கிய ஒளியில் காணவும் ஏற்றது. சூரியனை முதுகுப்புறம் வைத்து, நின்ற ஊர்தியை விட்டு இறங்காமல் காண்பது நல்லது. ஓடும் வண்டிக்குப் பழகிய விலங்குகூட நிமிர்ந்து நடந்துவரும் மனித உருவத்தைக் கண்டால் துள்ளி விலகும்.

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தங்கவயலுக்குப் பங்காருப்பேட்டையில் பிரியும் மாரிக்குப்பம் கிளைப்பாதையில் ரயில் உண்டு. மசாய் மாராவுக்குச் செல்பவரோ இணையவழிப் பயண அனுமதி பெற வேண்டும். குறைந்தது பத்து நாள் முன்னதாக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, நாடு திரும்பும்போது காட்டுவதற்கு அதன் சான்றிதழை வைத்திருக்கவும் வேண்டும். இத்தனை செலவும் சிரமமும் ஏற்கும் முன், ஒரு மந்தையை இரண்டு மணி நேரம் பொறுமையாகப் பார்க்கத் தமக்கு இயலுமா என்று தங்கவயலில் சோதித்துக்கொள்வது அறிவுடைமை. அரை மணியில் சலிப்படைபவர் செரங்கெட்டியிலும் சிங்கத்தைத் தேடி ஓட்டுநரை விரட்டிக்கொண்டுதான் இருப்பார்.

ஆயினும் தங்கவயல் சுற்றுலாப் பூங்கா அன்று. நிலத்துக்கு உடைமையாளர் உண்டு. பழைய சுரங்க வாய்கள் உள்ள இடங்களில் தரை எங்கும் நம்பத்தக்கது அன்று. வெளிமானோ 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதைத் துரத்துவதும் குற்றம். எனவே பொதுச்சாலையோடு நின்றுகொள்வதே முறை. நாயை உடன் அழைத்துச் செல்வது அறவே கூடாது. கழிவு மேடுகளை ஏலம் விடுவதற்கான ஒப்புதலைக் கர்நாடக அமைச்சரவை 2024இல் அளித்துவிட்டது. சுரங்க நிலத்தின் ஒரு பகுதியில் தொழிற்பேட்டை அமைக்கும் திட்டமும் பேசப்படுகிறது. வேலையிழந்த ஊருக்குத் தொழில் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலத்தை அளந்து ஒதுக்குவதற்கு முன், மழைக்காலத்திலும் கோடையிலும் தனித்தனியே வெளிமான்களைக் கணக்கெடுத்து, அவை மேயும் புல்வெளியை வரைபடத்தில் குறித்துத் தனியே விட்டுவைக்க வேண்டும் என்று தங்கவயல் மக்களும் அவ்விலங்கைக் காணச் செல்வோரும் அரசிடம் கேட்க வேண்டும்.